கடலோர வீட்டின் வெளிப்புற இரும்பைத் துத்தநாகப் பூச்சால் காப்பது எப்படி

திருவான்மியூரிலிருந்து தூத்துக்குடி வரை, கடற்காற்று நேராக அடிக்கும் தெருக்களில் ஜன்னல் கிரில், பால்கனிக் கைப்பிடி, வாசல் கேட், மொட்டை மாடி ஷீட் கூரையைத் தாங்கும் சட்டங்கள் ஆகியவைதாம் முதலில் துருப்பிடிக்கின்றன. அவ்வப்போது சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பூசுவது வழக்கமாகிவிட்டது. பெயிண்ட் என்பது ஈரத்தை மறைத்து நிற்கும் திரை மட்டுமே. அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்பீரம் அதன் வழியே இறங்கி, பெயிண்டுக்கு அடியிலேயே துரு பரவத் தொடங்கும். துத்தநாகம் காக்கும் விதம் வேறு. அது இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகம். ஆகவே இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் துத்தநாகம்தான் முதலில் கரைகிறது, சிறு கீறலில் வெளியே தெரியும் இரும்பு தப்பிக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து அதன் மேற்பரப்பில் உருவாகும் கார்பனேட் படலம், அந்தக் கரைதலையும் மெதுவாக்குகிறது.

துத்தநாகம் தன்னைக் கொடுத்தே இரும்பைக் காப்பதால், அது எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைப் பூச்சின் தடிமன்தான் முடிவு செய்கிறது. பளபளப்பைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஐ.எஸ்.ஓ. 9223 தரவிதியின்படி, நடுத்தர அரிப்புள்ள சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தேய்கிறது. உப்புக்காற்று கடுமையாக அடிக்கும் இடங்களில் அந்த அளவு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை உயர்கிறது. கடைகளில் ஜி.ஐ. என்று விற்கப்படும், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளில் 120 என்ற தரம் சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகத்தைக் குறிக்கிறது. அது இரு பக்கங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்படுவதால் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 8 மைக்ரான்தான். கடலோரத்தில் அந்த 8 மைக்ரான் ஓரிரு ஆண்டுகளில் கரைந்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முழுதாக முக்கியெடுத்த பொருளோ வேறு ரகம். இந்தியத் தரவிதி ஐ.எஸ். 4759, 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமனுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராமும், 2 முதல் 5 மில்லிமீட்டருக்குள் உள்ளதற்கு 460 கிராமும் ஒரு பக்கத்துக்கே கேட்கிறது. 610 கிராம் என்பது சுமார் 85 மைக்ரான். அதே கடற்காற்றில் அது 10 முதல் 20 ஆண்டுகள் வரை தாங்கும்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி, வெட்டுதல், பற்றவைத்தல், துளையிடுதல் எல்லாம் முடிந்த பிறகே துத்தநாகம் ஏற வேண்டும் என்பது. பட்டறைகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஜி.ஐ. குழாயை வாங்கி, அறுத்து, வெல்டிங் வைத்து, கிரைண்டரால் தேய்த்து, அந்த இடங்களில் சில்வர் பெயிண்டைத் தடவிக் கொடுத்துவிடுகிறார்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் தீப்பொறியின் சூடு அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சே இருக்காது. சில்வர் பெயிண்டில் இருப்பது அலுமினியத் தூள். பார்வைக்குத் துத்தநாகம் போலவே தெரிந்தாலும், அது இரும்புக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளாது. புது கேட்டில் முதல் பழுப்புக் கோடு எப்போதும் இணைப்பு மூலையிலிருந்தே வடிவதற்குக் காரணம் இதுதான். பூச்சுள்ள இரும்பை வெல்டிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகை, வேலை செய்பவருக்குக் காய்ச்சலையும் உடல்வலியையும் உண்டாக்கும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே கிரில்லையோ கைப்பிடியையோ பூச்சில்லாத இரும்பில் செய்யச் சொல்லி, பட்டறை வேலை முழுதும் முடிந்ததும் கால்வனைசிங் ஆலைக்கு அனுப்புங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அமிலத்தில் துருவைக் கழுவி, துத்தநாகம் நன்றாகப் பிடிக்க உதவும் ரசாயன உப்புக் கரைசலில் நனைத்து, சுமார் 450 டிகிரியில் உருகியிருக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்குவார்கள். இரும்பும் துத்தநாகமும் அந்தச் சூட்டில் கலந்து கலவை அடுக்குகளாக உருவாவதால், பூச்சு பெயிண்டைப் போல உரிந்து வராது. பற்றவைப்புக் கசடும் பெயிண்ட் கறையும் அமிலத்தில் போகாது. அவற்றைப் பட்டறையிலேயே தட்டியும் தேய்த்தும் நீக்கிவிட வேண்டும், இல்லையேல் அந்த இடம் மட்டும் கறுப்பாக, பூச்சின்றி வெளியே வரும்.

குழாய் வேலையாக இருந்தால் ஒன்றை மறக்கவே கூடாது. இரு முனையும் அடைத்த குழாயை அந்தத் தொட்டியில் இறக்கினால், உள்ளே சிக்கிய ஈரம் நீராவியாகி வெடிக்கும், உயிராபத்து. அதனால் ஒவ்வொரு குழாய்க்கும் இரு முனைகளிலும் காற்றும் துத்தநாகமும் போய்வரும் துளைகளைப் பட்டறைக்காரர் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். துளை எங்கே, எத்தனை பெரிது என்பதை ஆலையிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. அந்தத் துளைகள் வழியாகக் குழாயின் உட்புறமும் துத்தநாகம் பெறுகிறது என்பது கூடுதல் நன்மை. உள்ளிருந்து அரித்து ஒருநாள் திடீரென ஒடியும் கைப்பிடிகள் பலவற்றின் கதை அந்த உட்புறத்தில்தான் தொடங்குகிறது. தொட்டியின் நீளத்தையும் கேட்டறிந்து, பெரிய கேட்டுகளை போல்ட் போட்டு இணைக்கும்படி பகுதிகளாகச் செய்யுங்கள். மெல்லிய தகட்டையும் கனமான சட்டத்தையும் ஒன்றாகப் பற்றவைத்து முக்கினால், சூட்டில் தகடு நெளியும்.

பொருள் திரும்பி வந்ததும் காந்த வகைத் தடிமன் மானியால் பல இடங்களில் அளந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒரு பகுதி பளபளப்பாகவும் மற்றொரு பகுதி மங்கிய சாம்பல் நிறமாகவும் இருந்தால் அது குறையல்ல. இரும்பிலுள்ள சிலிக்கானின் அளவைப் பொறுத்து அப்படி அமையும், மங்கிய பகுதியில் பூச்சு பெரும்பாலும் தடிமனாகவே இருக்கும். புதுப் பூச்சுள்ள பொருள்களை மழையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால், காற்றோட்டமில்லாத இடுக்கில் தண்ணீர் தங்கி, துத்தநாகமே அரிபட்டு உண்டாகும் வெள்ளைத் துரு படியும். நடுவே மரக்கட்டை வைத்து, சற்றுச் சாய்த்து அடுக்க வேண்டும்.

பொருத்தும்போது நடக்கும் சிறு தவறுகள் நல்ல பூச்சையும் வீணாக்கும். மின்முலாம் பூசிய பளபளப்பான போல்ட்டுகளில் துத்தநாகம் சில மைக்ரான்தான். கேட்டுக்குக் கொடுத்த தடிமன் போல்ட்டுக்கும் வேண்டுமானால், முக்கியெடுத்த போல்ட்டையே வாங்க வேண்டும். செம்புக் குழாயிலிருந்து வடியும் நீர் துத்தநாகத்தின்மேல் விழாமல் பாருங்கள். அதில் கரைந்துள்ள செம்பு பூச்சை வேகமாக அரிக்கும். ஷீட்டில் துளையிட்டபின் கிடக்கும் இரும்புத்தூளை அன்றைக்கே பெருக்கிவிடுங்கள். எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்வது, டைல்ஸ் வேலை முடிந்ததும் தரையில் ஊற்றிக் கழுவும் ஆசிட். அதன் ஆவியும் தெறிப்பும் கிரில்லின் அடிப்பாகத்துத் துத்தநாகத்தை ஒரே நாளில் தின்றுவிடும் என்பதால், ஆசிட் கழுவல் முடிந்து நன்றாக நீர்விட்ட பிறகே கிரில் சுவரில் ஏற வேண்டும். கைப்பிடிக் கம்பி சுவருக்குள் இறங்கும் இடத்தில் சிமென்ட்டைச் சற்றே மேடாக்கி, நீர் வெளிப்புறம் வடியும்படி பூசுங்கள்.

துத்தநாகத்தின்மேல் பெயிண்டும் அடித்தால், இரண்டும் தனித்தனியே தரும் ஆயுளின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலாகவே உழைக்கும். கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருப்பவர்கள் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம் என்பது என் கருத்து. 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்திலும் துத்தநாகப் பூச்சும் அதன்மேல் பாலிசிலாக்ஸேன் என்னும் சிலிக்கான் வகைப் பெயிண்டுமே சேர்ந்து நிற்கின்றன. ஆனால் சாதாரண எனாமலை நேரடியாக அடிக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய் துத்தநாகத்துடன் சேர்ந்து சோப்பாக மாற, பெயிண்ட் தோல்போல உரியும். பிசுக்கை நீக்கி, எமரித் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, துத்தநாகப் பரப்புக்கென்றே உள்ள பிரைமரையோ எபாக்ஸி பிரைமரையோ அடித்தபின் மேற்பூச்சு கொடுக்க வேண்டும்.

சுவரில் ஏற்கெனவே பதிந்துவிட்ட கிரில்லைக் கழற்ற முடியாதபோது துத்தநாகப் பெயிண்ட்தான் வழி. காய்ந்த பூச்சின் எடையில் குறைந்தது 80 விழுக்காடு துத்தநாகத் தூள் உள்ளதா என்று டப்பாவில் பாருங்கள். தூள்கள் ஒன்றையொன்றும் இரும்பையும் தொட்டால்தான் அது காக்கும். ரெட் ஆக்சைடின்மேலோ பழைய பெயிண்டின்மேலோ அடித்தால் பணம்தான் வீண். கம்பி பிரஷ் போதாது. மணல் பீய்ச்சி வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து, அன்றே பூச வேண்டும். முக்கியெடுத்த பொருளில் நேரும் சிறு உராய்வுகளுக்கும் இதே பெயிண்டை, அக்கம்பக்கத்துப் பூச்சைவிடத் தடிமனாக, 100 மைக்ரானுக்குக் குறையாமல் கொடுக்கலாம்.

பராமரிப்பு எளிது. மழை படும் இடங்களில் உப்பு தானே கழுவப்படும். சன்ஷேடுக்கு அடியிலும் ஷீட் கூரையின் உட்புறத்திலும் அது படிந்துகொண்டே போகும். அந்த மறைவிடங்களை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்புக் கலந்த போர்வெல் நீரைத் தவிர்த்துவிடுங்கள். விளிம்புகளில் மெல்லிய பழுப்பு நிறம் தென்படத் தொடங்கினால் துத்தநாகம் பெருமளவு தேய்ந்துவிட்டது என்று பொருள். இரும்பில் குழி விழுவதற்குள் அந்தப் பருவத்திலேயே சுத்தம் செய்து துத்தநாகப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும்.