ஃபயர்வால் லாகில் முதலில் பார்க்க வேண்டியது ஐபி முகவரியை அல்ல

லினக்ஸ் சர்வரின் ஃபயர்வால் லாகில் (ஃபயர்வால் எழுதும் பதிவில்) தெரியாத ஐபி முகவரி தென்பட்டால், அதைத் தேடி ஓடும் முன் அதே வரியில் எஸ்பிடி (SPT, அனுப்பும் பக்கத்தின் போர்ட், அதாவது இணைப்பு வாசல் எண்), டிபிடி (DPT, சேரும் பக்கத்தின் போர்ட்) என்ற இரண்டு எண்களையும், கடைசியில் உள்ள டிசிபி கொடிகளையும் (இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் குறிகள்) பாருங்கள். எஸ்பிடி 443 (https வலைத்தளங்களின் போர்ட்), டிபிடி 51234 போன்ற பெரிய எண், கொடி 'அக் ஃபின்' (ACK FIN, இணைப்பை முடிப்பது) அல்லது 'ஆர்எஸ்டி' (RST, இணைப்பைத் துண்டிப்பது) என்றிருந்தால் பெரும்பாலும் அது தாக்குதல் இல்லை. உங்கள் சர்வரே திறந்த இணைப்புக்குத் தாமதமாக வந்த பதில்.

வெளியே இணையும்போது லினக்ஸ் தன் பக்கத்துக்கு 32768 முதல் 60999 வரையுள்ள ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்கிறது. இணைப்பு முடிந்த சிறிது நேரத்தில் ஃபயர்வால் அதை நினைவிலிருந்து அழித்துவிடும். ஆர்எஸ்டியால் முடிந்தது என்றால் இயல்பாகப் பத்தே வினாடிதான் நினைவில் இருக்கும். அதற்கப்புறம் வரும் பாக்கெட் (தரவுத் துண்டு) ஃபயர்வாலுக்கு அந்நியமாகத் தெரிகிறது, தடுத்து லாகில் எழுதிவிடுகிறது.

'சின்' (SYN) கொடி மட்டும் இருந்தால் அது புதிதாக இணையும் முயற்சி. தொலைவிலிருந்து உள்நுழையப் பயன்படும் 22, 23, 3389 போர்ட்டுகளில் இது நாள் முழுக்க வரும்; தடுக்கப்பட்டுவிட்டது என்றால் சரி, விட்டுவிடலாம்.

டிசிபி அல்லாத இன்னொரு வகையான யுடிபிக்கு இந்த வழி உதவாது, அதில் கொடிகளே கிடையாது. எஸ்பிடி எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம், அனுப்புபவர் விரும்பிய எண்ணை வைக்கலாம். லாக் வரியில் 'இன்' (IN) காலியாகவும் 'அவுட்' (OUT) பக்கம் ஈத்0 (eth0, சர்வரின் நெட்வொர்க் கார்டு) என்றும் இருந்தால் கிளம்பியது உங்கள் சர்வரிலிருந்தே. எந்த ப்ரோக்ராம் அனுப்பியது என்று உடனே பாருங்கள்.