எடை குறைப்பு அறுவை சிகிச்சை: ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மனநல ஆலோசகர் ஒருவரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு பெண். இருபது நிமிடத்தில் ஆலோசகர் படிவம் முழுக்கக் கேட்டு முடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்ணின் பதில் "அப்படி எதுவும் இல்லை மேடம்". டிக், டிக், கையெழுத்து. பல வருடங்களுக்கு முன் நான் செய்ததும் அதேதான். அதனால்தான் எழுதுகிறேன். உடலைக் கேலி செய்யக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

முன்மதிப்பீட்டைப் பரீட்சை ஆக்குவது

அறுவைக்கு முன் நாம் செய்யும் மனநல மதிப்பீட்டை மருத்துவமனையில் 'சைக்காலஜி கிளியரன்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, எக்கோ, அப்புறம் நாம். வருகிறவர் மனதில் ஒன்றுதான் ஓடும்: தப்பாகப் பதில் சொன்னால் ஆபரேஷன் கிடையாது.

என்னிடம் ஜவுளி வியாபாரி ஒருவர் வந்தார். 130 கிலோ, சர்க்கரை நோய். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டேன். "எப்பவாவது, கல்யாண வீட்ல." எழுதிக்கொண்டேன். இரைப்பையைச் சிறிதாக்கி உணவை நேரே சிறுகுடலுக்கு அனுப்பும் பைபாஸ் அறுவை நடந்தது. எடை இறங்கியது, சர்க்கரை மாத்திரை நின்றது, வீடே மகிழ்ந்தது. ஒன்றரை வருடம் கழித்து மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தார். தினமும் இரவு குடி.

பைபாஸுக்குப் பின் மது இரைப்பையில் தங்காமல் சீக்கிரமே சிறுகுடலுக்குப் போய்விடும். ரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறும். பழைய அளவே இப்போது பெரிய அளவு. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில், குடிப் பிரச்சினை முதல் வருடம் கூடவில்லை. இரண்டாம் வருடம் கூடியது. எல்லாரும் பாராட்டிவிட்டுக் கிளம்பிப் போயிருக்கும் நேரம் அது.

ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன். இவ்வளவு வருடம் ஆகியும் எனக்கு ஆறாதது அவர் சொன்ன பதில். "ஆரம்பத்துலயே உங்ககிட்ட வரணும்னு தோணுச்சு மேடம். பொய் சொல்லி கையெழுத்து வாங்கிட்டு எந்த முகத்தோட வர்றது?" அவர் வரவேண்டிய கதவை முதல் நாளே நான் சாத்தியிருக்கிறேன்.

இப்போது படிவத்தை எடுக்கும் முன்பே சொல்லிவிடுவேன்: "உங்களைத் தடுக்க நான் இங்கே இல்லை. சில விஷயங்கள் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வேன். அதுவரை கூடவே இருப்பேன்." முதல் சந்திப்பிலேயே எல்லாம் வராது. இரண்டாவதில் வரும். இரண்டாவது சந்திப்புக்கு நேரம் இல்லை என்று சர்ஜன் அவசரப்படுத்தினால் அவரிடம் வாதாடுங்கள்.

கொறிப்பதை வாய்க்கட்டுப்பாடு இல்லாமை என்று பேசுவது

இன்னொரு வகை அறுவையான ஸ்லீவ் சிகிச்சை இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிடும். கோபத்தையும் துக்கத்தையும் தின்று தீர்த்த பழக்கம் அப்படியே இருக்கும். தட்டு நிறையச் சாப்பிட முடியாததால் மிக்சர், ஐஸ்கிரீம் என்று நாள் முழுக்கக் கொறிப்பார்கள். டயட்டீஷியன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். நீங்கள் அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

குழப்பத்தை மனச்சோர்வு என்று எழுதுவது

அறுவைக்குப் பின் நாள்கணக்கில் வாந்தி, தள்ளாடும் நடை, தடுமாறும் பேச்சு. தயமின் (வைட்டமின் பி1) குறைபாடாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்வது

சொல்லாதீர்கள். பைபாஸுக்குப் பின் மாத்திரை உடலில் சேரும் அளவு மாறலாம். மனநல மருத்துவர் பார்க்கட்டும்.

"இப்போ சந்தோஷமா இருக்கணுமே!"

எடை இறங்கிய பிறகும் கவலையோடு வருகிறவரிடம் இதையும் சொல்லாதீர்கள்.

ஒரு வருடத்தோடு ஃபைலை மூடுவது

கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் அறுவைக்குப் பின் கூடியிருந்தார்கள். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வருடங்களில். எடை இறங்குவது நின்று, தொங்கும் தோலும் பழைய கவலைகளும் மிஞ்சும் காலம். முதல் சந்திப்பிலேயே 18-ஆம் மாதத்துக்கும் ஒரு தேதி எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதே சீட்டில், ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் கூப்பிட அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் எண் 14416. வீட்டில் உள்ள ஒருவரிடமும் அந்தச் சீட்டின் நகல் இருக்க வேண்டும்.