பழைய காருக்கு ஆயில் மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் வேலூரின் டிஎன் 23 நம்பரோடு காட்பாடிப் பாலத்தில் அது இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா, முதல் மாடல் ஸ்விஃப்ட் எல்லாம் அப்படித்தான். இப்படி ஒரு காரை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் முதல் வேலையாக சீட் கவர் மாற்றுவார், அப்புறம் ஸ்பீக்கர். ஆயில் விஷயத்தில் மட்டும் யாரோ சொன்னது, வீடியோவில் பார்த்தது, பைக்குக்குச் செய்து பழகியது எல்லாவற்றையும் கலந்து ஏதோ ஒன்றைச் செய்வார். சத்துவாச்சாரிப் பக்கம் ஷெட் வைத்திருக்கிறேன். ஆள் மாறுகிறார்கள், வண்டி மாறுகிறது, தவறு மட்டும் மாறுவதே இல்லை.

பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் நட்டை இறுக்க மறப்பது, ஆயில் மூடியை பேட்டரி மேலேயே வைத்துவிட்டுக் கிளம்புவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. ஒருமுறை செய்தவர் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்.

நம்பரைப் படிக்காமல் விலையைப் படிப்பது

"இருக்கிறதிலேயே நல்ல ஆயிலா போடுங்க" என்பார்கள். நல்லது எது என்பதை டப்பாவின் விலை சொல்லாது, காரோடு வந்த புத்தகம்தான் சொல்லும். புத்தகம் தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும்.

15டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் அந்த ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கான எண். பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மைக்கான எண். நம்மூரில் மார்கழிக் காலையில்கூட உறைபனி கிடையாது. கத்திரி வெயிலில் நாற்பதைத் தாண்டும். ஆகவே பனி நாட்டுக்காரர்கள் முதல் எண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நாம் கொடுக்க வேண்டியதில்லை. பழைய கார்களின் புத்தகத்தில் பெரும்பாலும் வெளிச் சூட்டுக்குத் தகுந்த மாதிரி இரண்டு மூன்று கிரேடுகள் போட்டிருப்பார்கள். அதில் வெயில் பக்கம் இருப்பதை எடுத்துக்கொண்டால் சரி.

அடுத்து ஏ.பி.ஐ. எழுத்து, அதாவது டப்பாவில் இருக்கும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறியீடு. எஸ்-ல் தொடங்கினால் பெட்ரோல், சி-யில் தொடங்கினால் டீசல். எஸ்.என். தரம் 2010-ல் வந்தது, எஸ்.பி. 2020-ல். உங்கள் பெட்ரோல் கார் அதற்கெல்லாம் முன்னால் பிறந்ததாக இருந்தாலும், கிரேடு பொருந்தினால் புதிய தரத்தை ஊற்றலாம். ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் பழைய ரப்பர் சீல் உருகிவிடும் என்ற பேச்சை நம்பவேண்டாம். ஆனால் ஏற்கெனவே கசிகிற இன்ஜினில் அதை ஊற்றினால் கசியப் போவது விலை கூடின ஆயில், அவ்வளவுதான்.

"லைட் எரியலையே அண்ணா!"

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

போன கோடையில் ஒரு தம்பி. பெங்களூரில் வேலை, வாரா வாரம் காரில் வந்து போகிறவர். வாங்கியதும் வேறு எங்கோ ஆயில் மாற்றியிருக்கிறார். கண்ணாடியில் "அடுத்த சர்வீஸ் 10,000 கி.மீ." என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் பாக்கி. மாதனூர் தாண்டும்போது கடகடவென்று சத்தம், கொஞ்ச நேரத்தில் சிவப்பு லைட். 'பள்ளிகொண்டா டோல் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டியிருக்கிறார். டோலுக்கு முன்னாலேயே இன்ஜின் ஜாம்.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டிரெயின் நட்டைக் கழற்றினேன். இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியைத்தான் சேம்பர் என்போம். மூன்று லிட்டர் இருக்கவேண்டிய அந்தச் சேம்பரிலிருந்து ஒரு டம்ளர் அளவுதான் சொட்டியது. தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், கறுப்பு ஆயிலுக்குள் ஜிகினாத்தூள் கொட்டினமாதிரி மினுமினுப்பு. அத்தனையும் பேரிங்கிலிருந்து உதிர்ந்த உலோகம்.

"டிப் ஸ்டிக் எப்பப்பா பார்த்த?" ஆயில் அளவு பார்க்கிற கம்பியைத்தான் கேட்டேன்.

"லைட் எரியலையே அண்ணா. எரிஞ்சிருந்தா பார்த்திருப்பேனே."

அந்த லைட் ஆயில் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற லைட் இல்லை. நம் பழைய கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது ஆயில் அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. சூடான இன்ஜின், ஓடும் வேகத்தில் சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு பார் வரை அழுத்தம் காட்டும். லைட்டுக்கான சுவிட்சோ பல வண்டிகளில் அரை பாருக்கும் கீழே இறங்கினால்தான் வேலை செய்யும். பம்ப் உறிஞ்சுகிற ஜல்லடை ஆயிலில் முங்கியிருக்கும்வரை, பாதிதான் இருந்தாலும், அழுத்தம் சரியாகவே இருக்கும். லைட் எரியும் நேரத்தில் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர்ப் பலகை. வளைவில் திரும்பும்போது ஒரு நொடி லைட் சிமிட்டி அணைந்தால் பலர் "சென்சார் பிரச்சனை" என்று விட்டுவிடுகிறார்கள். ஆயில் குறைந்த சேம்பரில், வண்டி திரும்பும்போது இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஜல்லடை ஒரு நொடி வெறும் காற்றில் நிற்கும். அடுத்த பலகைக்குப் போவதற்குள் ஓரம் கட்டி டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்.

கணக்கும் கஷ்டமானதில்லை. பழைய இன்ஜின் ஆயில் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை சகஜம் என்று புத்தகத்திலேயே அச்சடித்திருக்கும் கம்பெனிகள் உண்டு. நாம் கால் லிட்டர் என்றே வைப்போம். 4,000 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் காலி. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலான சின்னக் கார்களில் சுமார் அவ்வளவுதான். 8,000-ல் இரண்டு லிட்டர் காலி. மூன்று லிட்டர் சேம்பரில் மிச்சம் ஒன்று. ஸ்டிக்கர் மட்டும் இன்னும் 2,000 ஓட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். கிராங்க் கிரைண்டிங், பேரிங், பிஸ்டன், லேத் கூலி எல்லாம் சேர்ந்து, கார் வாங்கின விலையில் பாதியைத் தொட்டது. இடையில் ஊற்றியிருக்க வேண்டியது இரண்டு லிட்டர் ஆயில்.

பார்க்கிற முறை: சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுசாகச் செருகி, மறுபடி உருவுங்கள். முதல் தடவை உருவும்போது தெரிகிற அளவை நம்பாதீர்கள். பழைய காருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இது போதும்; பெங்களூர், சென்னை என்று கிளம்பும் முன் கட்டாயம். அதே கிரேடில் ஒரு லிட்டர் டிக்கியில் கிடக்கட்டும். சிவப்பு லைட் நிலையாக எரிந்தால் அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி அணைத்துவிடவேண்டும். டோல், பெட்ரோல் பங்க், ஷெட் என்று எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

ஆயில் எங்கே போகிறது என்பதையும் கண்டுபிடிக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஏலகிரியிலிருந்து ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கிவந்து, கீழே மிதித்ததும் பின்னால் ஒரு மேகம் கிளம்பினாலும் அதேதான். மிதிக்கிற போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் பக்கம் பார்க்கவேண்டும். புகையே இல்லாமல் குறைந்தால், வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள்.

கெட்டி ஆயில் வைத்தியம்

குடிக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த யோசனை இது: 20டபிள்யூ-50 ஊற்றிவிடு, அடங்கிவிடும். புத்தகத்தில் அந்த கிரேடு இருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். இல்லாத இன்ஜினில் ஊற்றினால் புகை கொஞ்சம் குறையும், சத்தமும் அடங்கும். தேய்ந்த ரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் வந்த அந்த 1.3 டீசல் இன்ஜினில் டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தள்ளிக்கொடுப்பதே ஆயில் அழுத்தம்தான். அதில் இந்த விளையாட்டு வேண்டாம்.

விற்கிறவர்களில் சிலர் வண்டியைக் காட்டுவதற்கு முந்தின நாள் செய்கிற வேலையும் இதேதான். அதனால் செகண்ட் ஹேண்டில் எடுத்ததும், "இப்பதான் மாத்தினேன்" என்று சத்தியமே செய்தாலும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு உங்கள் கணக்கைத் தொடங்குங்கள்.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

குடியாத்தத்தில் ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார். கார் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும்தான் போகும். "ரெண்டு வருஷத்துல மூவாயிரம்கூட ஓடலைப்பா, எதுக்கு ஆயில்?" என்றார். மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினேன், பால் காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. எரிப்பில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிப் புளித்துப்போகும். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும் நேரத்தையும் மீட்டர் எண்ணுவதில்லை.

என் கணக்கு: பழைய பெட்ரோல் வண்டிக்கு மினரல் ஆயில் என்றால் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். சிந்தெடிக் என்றால், புத்தகம் 10,000 என்று சொன்னாலும் 7,500-ல் மாற்றுவேன், எப்படியும் ஒரு வருடத்தைத் தாண்டவிடமாட்டேன். எது முந்துகிறதோ அது.

ஃபில்டர்

ஆயில் ஃபில்டரை ஒரு சர்வீஸ் விட்டு ஒரு சர்வீஸ் மாற்றுவது மிச்சம் பிடிப்பதாகாது. அதற்குள் தங்கியிருக்கும் பழைய ஆயில் புதியதோடு கலந்துவிடும். பெயர் தெரியாத மலிவு ஃபில்டரும் வேண்டாம். இன்ஜின் நின்றதும் ஆயில் கீழே வழிந்துவிடாமல் தடுக்கும் வால்வு பலவற்றில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி டகடகவென்று கேட்டால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

சொந்தமாக மாற்றுகிறவர்கள் கவனிக்கவேண்டியது பழைய ரப்பர் வளையம். ஃபில்டர் கழன்று வரும், வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதுசை மாட்டினால் இரண்டு வளையம். கொஞ்ச தூரத்திலேயே ஆயில் பீய்ச்சி அடித்துச் சேம்பர் காலியாகும். விரலால் தடவிப் பாருங்கள், புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள், தொட்டபின் கையால் முக்கால் சுற்று போதும்.

ஏர் ஃபில்டரை வெளிப்பக்கமிருந்து கம்ப்ரஸரால் அடிக்காதீர்கள். புழுதி காகித மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போகும், காகிதமும் கிழியும். உள்ளிருந்து வெளியே, லேசாக. கல் குவாரி லாரிகள் போகும் பாதையில் தினமும் ஓட்டுகிறவர்கள் புத்தகத்தில் சொன்ன காலத்தில் பாதியிலேயே மாற்றிவிடலாம். அந்தப் புழுதிதான் ரிங்கைத் தின்று, ஆயில் குடிக்க வைக்கிறது.

"ஆயில் கறுத்துப்போச்சு"

டீசலா? கறுக்கத்தான் செய்யும்.

மிச்சமான பைக் ஆயில்

பைக்குக்கே ஊற்றுங்கள்.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவது

மேல் கோட்டுக்கு மேலே வேண்டாம். கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும்.

ஃப்ளஷ்

வருடக்கணக்கில் சகதி படிந்த இன்ஜினில், உள்ளே கழுவுவதற்கென்று விற்கிற ஃப்ளஷ் திரவத்தை ஊற்றினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து ஜல்லடையை அடைக்கும். அதற்குப் பதில் 1,500 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் விடுவது

தோல் கழிவால் பாலாறு பட்டதே போதும். ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டு, அந்த ஆயிலையும் சேர்த்துக் காலிக் கேனில் ஊற்றி இறுக மூடி, பக்கத்து ஷெட்டில் கொடுங்கள். எங்கள் ஷெட்டில் பேரலில் சேர்த்து வைத்தால் பழைய ஆயில் எடுக்கிறவர் காசு கொடுத்தே வாங்கிப்போகிறார். கூலண்டையோ தண்ணீரையோ மட்டும் அந்தக் கேனில் கலந்துவிடாதீர்கள், அப்புறம் அவரும் வாங்கமாட்டார்.