"பால் பத்தலை" என்பதற்கு முன்: தாய்ப்பால் ஊட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் குழந்தை யார் சாயல் என்று பார்ப்பார்கள், அடுத்த மூச்சில் "பால் இருக்கா?" என்று கேட்பார்கள். என் மூத்த மகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து உச்சிப்புளியில் உள்ள தாய் வீட்டுக்கு வந்து இறங்கிய மாலையே இந்தக் கேள்வியை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். மறுநாள் நானே "பத்தலை போலத்தான் தெரியுது" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். அதற்கடுத்த நாள் பால்பவுடர் டின் ஒன்று அலமாரியில் ஏறிவிட்டது. முதல் முறை குறைந்துபோனது குழந்தை மார்பில் இருந்த நேரம்தான் என்பது, இரண்டாவது பிள்ளைக்குப் பாலூட்டிய காலத்தில்தான் எனக்கு விளங்கியது.

பாலூட்டுவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்தே கிளைக்கின்றன. குழந்தை சப்பும்போது தாயின் உடலில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்ற மற்றொன்று, உண்டான பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. மார்பு காலியாகக் காலியாகச் சுரப்பு கூடும். பால் தேங்கி நின்றால் சுரப்பு தானே குறையும். மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிறைத்துப் பழகிய இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. இறைக்கிற கிணறுதான் ஊறும். ஒரு வேளை டின் பால் கொடுத்தால் அந்த வேளை மார்பு இறைபடாமல் போகிறது, அதனால் சுரப்பு சற்றுக் குறைகிறது, குறைந்ததைப் பார்த்து இன்னொரு வேளை டின் பால் சேர்கிறது. இரண்டு வாரத்தில் "பத்தலை" என்ற சொல் உண்மையாகிவிடுகிறது.

முதல் மணி நேரமும் முதல் மூன்று நாளும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வேண்டும் என்றும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்றும், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயதுவரையோ அதற்கு மேலோ தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டில் மருத்துவச்சி கையில் பேறு நடந்த காலத்தில் இதற்குக் குறுக்கே நின்றது சேனை. பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தொட்டு வைத்தால் அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. முஸ்லிம் குடும்பங்களில் பேரீச்சம்பழத்தை மென்று தடவும் வழக்கமும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்யும் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கக்கூடும் என்பதால் தேனை அறவே விலக்க வேண்டும். சடங்கை விட மனமில்லாத ஒரு வீட்டில், தாயின் சீம்பாலிலேயே ஒரு துளியை எடுத்து, கை கழுவிய பாட்டனாரைக் கொண்டே தொட்டு வைக்கச் செய்த செவிலியர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் மனக்குறை இல்லாமல் காரியம் முடிந்தது.

மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டிய தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஆனால் அதே தவறு இப்போது வேறு உருவத்தில் வருகிறது: "பால் இறங்க மூணு நாளாகும், அதுவரைக்கும் பிள்ளை பட்டினி கிடக்குமா?" என்று கேட்டுப் புட்டிப்பால் கொடுக்கிறார்கள். முதல் நாள் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவையே கொள்ளும்; நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த சீம்பால் அந்த அளவுக்குத்தான் சுரக்கும், அது போதும். மிகுதியாகப் பால் சுரக்கத் தொடங்குவது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்.

அறுவைப் பேறு இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. 2019–21 காலத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவை மூலம் நடந்தவை. முதுகுத் தண்டில் ஊசி போட்டுச் செய்யப்படும் அறுவையில் தாய் விழித்தே இருக்கிறாள்; தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால், யாராவது ஒருவர் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, படுத்தபடியே அவள் பாலூட்ட முடியும். தையல் வலிக்கும் என்று இரக்கப்பட்டு முதல் நாள் முழுவதும் குழந்தையைப் பாட்டி மடியிலேயே வைத்திருப்பதுதான் தவறு. வார்டுச் செவிலியரிடம் "புள்ளையக் கொஞ்சம் மார்ல போட்டு விடுங்கம்மா" என்று கேட்க அந்தப் பாட்டியே முன்வந்தால், அதைவிடப் பெரிய பேறுகால உதவி கிடையாது.

அழுகையை எண்ணாமல் துணியை எண்ணுங்கள்

குழந்தை அழுகிறது, ஆகவே பசிக்கிறது, ஆகவே பால் இல்லை என்று ஓடும் கணக்கில் இரண்டு இடங்களில் பிழை இருக்கிறது. ஈரம், புழுக்கம், தூக்கம், சும்மா கைச்சூடு தேடுவது என்று எத்தனையோ காரணங்களுக்குக் குழந்தை அழும். மாலை நேரங்களில் காரணமே தெரியாமலும் அழும். மார்பு முதல் வாரம் போலக் கனக்காமல் மெத்தென்று ஆகிவிட்டது என்பதும் பால் வற்றியதற்கு அடையாளம் அன்று. பிள்ளையின் தேவைக்கு ஏற்பச் சுரப்பு அமைந்துவிட்டது என்றே பொருள்.

நம்பத்தக்க அடையாளங்கள் இரண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது குழந்தை சிறுநீர் கழிக்க வேண்டும். பிறந்த சில நாட்களில் எடையில் பத்தில் ஒரு பங்குவரை குறைவது இயல்பு. அந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். அப்பத்தாவின் பழைய சேலையைக் கிழித்து இடுப்புத் துணியாகக் கட்டிய வீட்டில் கொடியைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும்: காலையிலிருந்து எட்டுத் துண்டு காய்ந்தால் பிள்ளை குடித்திருக்கிறது. டயாப்பர் வந்த பிறகு இந்தக் கணக்கு மறைந்துவிட்டது. முதல் மாதம் பகலிலாவது துணி கட்டுங்கள் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக இல்லை. ஈரத்துணி குறைந்தாலோ, பாலுக்கு எழுப்பியும் குழந்தை எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலோ வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

துணிக் கணக்கு குறைவாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது குழந்தை மார்பைப் பிடிக்கும் விதம். நுனிக் காம்பை மட்டும் பற்றினால் குழந்தைக்குப் பால் வராது, தாய்க்குக் காம்பு வெடிக்கும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருத்த பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். கீழுதடு வெளியே மலர்ந்து, முகவாய் மார்பில் பட்டிருக்க வேண்டும். "முதல்ல வலிக்கத்தான் செய்யும், தாங்கிக்க" என்பது பெரியவர்கள் அன்போடு சொல்லும் தவறான ஆலோசனை. பாலூட்டும் நேரம் முழுவதும் வலி நீடித்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரத்தில் விட்டு எடுத்து, மீண்டும் போட வேண்டும். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும்போது "கட்டின பால் புள்ளைக்கு ஆகாது" என்று நிறுத்துவதும் இதே வகைத் தவறு. அப்போதுதான் அடிக்கடி ஊட்ட வேண்டும், ஊட்டியும் மிஞ்சுவதைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். சிவந்து காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து சாப்பிடும்போதும் பெரும்பாலும் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை.

தண்ணீர், சங்கு, பத்தியம்

சித்திரை வெயிலில் "புள்ளைக்குத் தொண்டை காயுமே" என்று சங்கில் தண்ணீர் புகட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை எந்த வெயிலுக்கும் அது போதும். குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில், எங்கிருந்து வந்ததென்று தெரியாத தண்ணீரைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பது வயிற்றுப்போக்கை விலைக்கு வாங்குவதே. கிரைப் வாட்டரும் உரைமருந்தும் இந்தக் கணக்கிலேயே சேரும். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்களவு பாலை நல்ல விலைக்கு விற்பவர்களிடம் இன்றும் படித்த பெண்கள் வாங்குகிறார்கள்; காய்ச்சாத விலங்குப் பாலில் வரும் கிருமிக்குப் படிப்பு தெரியாது.

பத்தியத்தில் இந்தக் கரை மற்ற ஊர்களைவிடப் பரவாயில்லை. பச்சை உடம்புக்காரிக்குக் காரல் மீன் குழம்பும் பூண்டும் பால்சுறாப் புட்டும் கொடுத்தால் பால் ஊறும் என்று இங்கே நம்புகிறார்கள். எந்த மீனும் தனியாகப் பாலைச் சுரக்க வைக்காது என்றாலும், அவளுக்குத் தேவையான புரதம் அதில் கிடைக்கிறது. சுறாவின் சதையில் பாதரசம் கூடுதலாகச் சேரும் என்பதால் அதைக் குறைத்து, காரல், சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். தவறு வேறிடத்தில் இருக்கிறது: "உடம்பு ஊதிரும்" என்று அவள் குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுப்பது. பாலூட்டும் பெண்ணுக்குத் தாகம் கூடும். கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

நான்காம் மாதத்தில் பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுப்பது தவறு. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று பத்து மாதம் வரை பாலோடு நிறுத்துவதும் தவறு. 180 நாள் முடிந்ததும் கெட்டியான கஞ்சி, மசித்த பருப்புச் சோறு, முள் நீக்கிய மீன் என்று தொடங்க வேண்டும். வேப்பிலையை அரைத்துத் தடவிப் பால் மறக்கடிப்பதற்கும் அவசரம் வேண்டாம். கீழக்கரைப் பக்கத்து உம்மாமார் "ரெண்டு வருசம் புள்ளையோட ஹக்கு (உரிமை)" என்று சொல்வது மருத்துவத்தோடும் ஒத்துப்போகிறது.

டின் பாலே பாவம் என்று நான் சொல்லவில்லை. தாயின் நோய், சில மருந்துகள், குறைமாதக் குழந்தையின் நிலை ஆகியவற்றால் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது தேவை. அதற்காக அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, இதுவரை சொன்ன எல்லாத் தவறுகளையும்விட மோசமானது. ஆனால் குழந்தைப் பால் மாவை விளம்பரம் செய்வதையும் தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போது

2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு; கடலில் பாசி எடுக்கும் பெண்ணுக்கு அதைத் தர முதலாளி என்று ஒருவரும் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் வருவது உதவும், ஆனாலும் நான்காம் மாதமே அவள் வல்லத்தில் (நாட்டுப்படகில்) ஏற வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒருத்தி விடியுமுன் போய் மதியத்துக்கு மேல் திரும்புவாள். வந்ததும் முதல் பாலைப் பீய்ச்சித் தரையில் விடுவாள். வெயிலில் நின்ற உடம்பில் ஊறியது 'சூட்டுப் பால்', பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்பது அவளுடைய அத்தையின் கட்டளை. வெயிலில் நின்றாலும் மார்பில் உள்ள பால் சூடேறிக் கெடுவதில்லை. அரை நாள் ஊறியதைக் கொட்டிவிட்டு, பிள்ளைக்குப் பத்தவில்லை என்று டின் வாங்கிக்கொண்டிருந்தாள்.

மாற்றியது சிறிதுதான். கிளம்புமுன் ஊட்டிவிட்டு, கொதிநீரில் கழுவிய மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி வைத்தாள். 25 டிகிரி வெப்பத்தில் அது நான்கு மணி நேரம் தாங்கும். எங்கள் ஊர் வெக்கையில் அவ்வளவு தாங்காது என்பதால் பக்கத்து வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இடம் கேட்டோம். அங்கே நான்கு நாள்வரை வைக்கலாம். அடுப்பில் காய்ச்சாமல், கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திக் குளிர் போக்கி, அப்பத்தா சங்கால் புகட்டினாள். புட்டி வேண்டாம் என்றதற்குக் காரணம், அதன் காம்பைக் கழுவுவதும் கடினம், அதில் பழகிய பிள்ளை மார்பைப் பிடிக்க மறுப்பதும் உண்டு. புரோலாக்டின் இரவில் கூடுதலாகச் சுரக்கும் என்பதால், இரவு முழுவதும் பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுத்தாள். தூக்கம் கெட்டது உண்மை.

இப்போது வல்லம் கரைக்கு வரும் நேரத்துக்கு அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறாள், கையில் ஒரு கேன் நல்ல தண்ணீரோடு. கடல் உப்பு காய்ந்த மார்பை அந்தத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, ஏற்றி வைத்த வல்லத்தின் நிழலில் அவள் உட்காருகிறாள். பாசி மூட்டையை எடைக்குத் தூக்கிப் போவது அவள் கொழுந்தன் பாடு.