"பேட்டரி போச்சு சார்" என்றதும் பர்ஸை எடுக்காதீர்கள்

எங்கள் அடுக்ககத்தில் இந்த மாதம் இரண்டு பேர் புது பேட்டரி போட்டார்கள். இருவருக்கும் அதுதான் முதல் கார். விசாரித்தால், முன்பு நான் பண்ணிய அதே கூத்து.

காலியான பேட்டரியை டெஸ்ட் செய்து தீர்ப்பு எழுதுவது

ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினேன். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. வந்த மெக்கானிக் மீட்டர் வைத்தார், 11.4 வோல்ட். "செல் போச்சு சார், மாத்திடுங்க." மாற்றினேன். பழையதைக் கழித்தும் 5,200 ரூபாய். ஒன்றே முக்கால் வருஷப் பேட்டரி அது! அடுத்த வாரம் நாலு நாள் வண்டியை எடுக்கவில்லை, புதுசும் படுத்துவிட்டது.

காரணம் டிக்கி விளக்கு. சுவிட்ச் கெட்டு, மூடிய பிறகும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-அவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரும் பேட்டரியை உறிஞ்ச மூன்றரை நாள் போதும்.

இன்றும் இதை நினைத்தால் எரிச்சல்தான். தொட்டியில் தண்ணீர் இல்லை என்று தொட்டியையா இடிப்பார்கள்? முதலில் சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போடச் சொல்லுங்கள். இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிடுவதெல்லாம் கணக்கில் வராது. கழற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்தபின் 12.6 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். லோடு டெஸ்டிலும் (பேட்டரிக்குப் பெரிய சுமை கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது) தோற்றால் மாற்றுங்கள், மறுபேச்சே வேண்டாம். பல நாள் காலியாகவே கிடந்த பேட்டரி நிஜமாகவே கெட்டிருக்கவும் கூடும். அதுவும் சார்ஜ் போட்டால்தான் தெரியும்.

ஆல்டர்னேட்டரை மறப்பது

வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது இதுதான். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரும். 12.3-லேயே கிடந்தால் எத்தனை பேட்டரி போட்டாலும் படுக்கும்.

வயசை மட்டும் பார்ப்பது

நம்மூர் வெயிலுக்கு மூன்று, நாலு வருஷம் உழைத்தாலே பெரிது. அதைத் தாண்டி, முழு சார்ஜிலும் காலையில் இழுத்து இழுத்து எடுத்தால் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்.

டெர்மினலில் பூத்திருப்பது

பேட்டரியில் வயர் மாட்டும் முனையில் பொடியாகப் படிந்திருந்தால் துலக்குங்கள்.

வாரண்டி அட்டை

மாற்றுவதற்கு முன் தேடுங்கள். என்னுடையது, பழைய பேட்டரி கைமாறிய மறுநாள் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கிடைத்தது.