செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸை எதிர்த்திசையில் நடந்து பாருங்கள்

கோல்ஃப் ஆடத் தெரியாதவர்களும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன். அங்குள்ள ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானம் பொது நிலம். வழக்கமான ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடும் குழந்தைகளோடும் ஃபேர்வே என்னும் புல்வெளிப் பாதையில் உலாவுவார்கள், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். ஓப்பன் (பிரிட்டனின் கோல்ஃப் சாம்பியன்ஷிப்) போன்ற பெரிய போட்டி நடக்கும் ஞாயிறுகளில் மட்டும் இது முடியாது. அதனால் கிளம்பும் முன் மைதானத்தின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை) மேலும் பங்கருக்குள்ளும் (மணற்பள்ளம்) கால் வைக்கக் கூடாது, மற்றபடி தடையில்லை.

ஆனால் நேராக மைதானத்துக்குப் போகாதீர்கள். முதலில் ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் பழைய பேராலய இடிபாட்டுக்குப் போங்கள். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தின் மதிலில், குல்லாய் போட்ட ஓர் இளைஞன் பந்தை அடிக்கக் குனிந்து நிற்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அவர்தான் இளைய டாம் மாரிஸ். 1868, 1869, 1870, 1872 என நான்கு முறை ஓப்பனை வென்றவர் (1871இல் போட்டியே நடக்கவில்லை). 1875 செப்டம்பரில் நார்த் பெர்விக்கில் அப்பாவோடு ஜோடி சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் இறந்துபோனார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அவரும் போய்விட்டார், வயது 24. அறுபது கோல்ஃப் சங்கங்கள் பணம் போட்டு அந்தக் கல்லை வைத்தன. அப்பா பெரிய டாம் 1908 வரை இருந்தார். அவரும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். இந்த இருவரையும் பார்த்துவிட்டுப் போனால்தான் மைதானம் வெறும் புல்லாகத் தெரியாது.

சரி, இப்போது ஊருக்குள் நடந்து 18ஆம் குழியின் கிரீனுக்கு வாருங்கள் (முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து கிரீன் வரையான ஒவ்வொரு பகுதியையும் குழி என்றே சொல்வார்கள்). அதன் ஓரத்தில்தான் பெரிய டாமின் கடை இருந்தது. அந்தக் குழிக்கே அவர் பெயர்தான். நாலு முறை ஓப்பனை வென்றவர், கடைசியாக 1867இல், 46 வயதில். அதைவிட மூத்த வயதில் யாரும் இன்றுவரை ஓப்பனை ஜெயிக்கவில்லை. ஆனால் எனக்கு மரியாதை மைதானத்தைப் பராமரித்த டாமின் மேல்தான். கிரீன்களில் மணல் தூவிப் புல்லைத் தேற்றினார். ஞாயிறு ஓய்வையும் அவர்தான் விடாப்பிடியாகக் காத்தார் என்பார்கள்.

இங்கிருந்து நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஆட்டக்காரர்கள் போகும் திசைக்கு எதிராக, 18, 17, 16 என்று நடங்கள். ஒரு காலத்தில் இந்த மைதானத்தை இன்றைக்கு நேர் எதிர்த்திசையில்தான் ஆடினார்கள். அதனால் இப்போது டீயிலிருந்து பார்க்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்குத் தட்டுப்படாத பங்கர்கள் பலவும் எதிரே வருபவருக்கு வாயைத் திறந்துகொண்டு தெரியும். இருக்கும் 112 பங்கர்களில் எத்தனை ஒளிந்து கிடக்கின்றன என்பது அப்போதுதான் புரியும்.

18ஆம் கிரீனுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. 1995 ஓப்பனில் இத்தாலியின் கான்ஸ்டன்டினோ ரோக்கா அங்கிருந்து பட்டரால் (பந்தை உருட்டும் மட்டை) தட்டிய பந்து மேடேறிக் குழியில் விழுந்தது. மனுஷன் அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார். அதே கிரீனில் 1970 ஓப்பனில் டக் சாண்டர்ஸ் மூன்றடிகூட இல்லாத தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டத் தவறி, மறுநாள் நடந்த தீர்வு ஆட்டத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸிடம் தோற்றார். ஊர்ச்சாலையைத் தாண்டினால் ஸ்வில்கன் ஓடையின் சின்னக் கல்பாலம். 2005இல் நிக்லாஸ் விடைபெற்று நின்றது இதன் மேல்தான். எல்லாரும் படமெடுக்க வரிசையில் நிற்பார்கள், நீங்களும் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

நேரம் செலவழிக்க வேண்டியது 17இல். கிரீனின் இடப்பக்கம் உள்ள ரோடு ஹோல் பங்கரின் விளிம்பருகே நின்று உள்ளே பாருங்கள். முன்சுவர், வெட்டிய புல்தரையை அடுக்கிவைத்த புத்தகங்கள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டியது. கிட்டத்தட்டச் செங்குத்து. அடிப்பரப்பு சின்னது. ஆனால் சுற்றியுள்ள தரை முழுவதும் அதை நோக்கியே சரிகிறது, மெதுவாக உருளும் பந்துகூடத் தானாக உள்ளே போய்விடும். 1978 ஓப்பனில் முன்னணியினரில் ஒருவராக இருந்த ஜப்பானின் டாமி நகஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். பட்டரால் தட்டிய பந்து சரிந்து இதற்குள் விழுந்தது. வெளியே வருவதற்குள் பல அடிகள் போயின, அந்தக் குழிக்கு மொத்தம் 9 அடிகள். பின்பக்கம் சாலையும் கல்சுவரும் இருக்கின்றன. பங்கருக்குப் பயந்து ஓங்கி அடித்தால் அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

16, 15ஐ வேகமாகக் கடந்துவிடலாம். 14இல் ஹெல் பங்கர். மைதானத்திலேயே பெரிய வாய் இதுதான். பாலத்தில் கையசைத்த நிக்லாஸ் 1995இல் இந்தக் குழியை முடிக்க 10 அடிகள் எடுத்தார். வழியில் கிரீன்களின் அகலத்தையும் கவனியுங்கள். பெரும்பாலானவற்றை இரண்டு குழிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன, எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்.

11க்கு வந்ததும் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1921இல், 19 வயதில், இங்கே பங்கரில் சிக்கி, பொறுமை இழந்து, போட்டியிலிருந்தே விலகிப் போனார். 1927இல் திரும்பி வந்து இதே மைதானத்தில் ஓப்பனை வென்றார். 1958இல் ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒருவரே. பக்கத்தில் உள்ள 10ஆம் குழிக்கு இப்போது ஜோன்ஸின் பெயர்.

அப்புறம், திரும்பும்போது கடற்கரையைப் பார்த்துக் குறுக்கே வெட்டாதீர்கள். நடுவில் உள்ள மற்ற மைதானங்களில் ஞாயிறன்றும் ஆட்டம் நடக்கும், பந்து பறந்து வரும். 9இலிருந்து 1 வரை ஓல்டு கோர்ஸ் வழியாகவே வந்து, ஊருக்குள்ளிருந்து லூச்சர்ஸ் ரயில் நிலையத்துக்குப் பேருந்து பிடியுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் இல்லை.