காருக்குத் தொடுதிரை செற் வாங்க முன்னர் டாஷ்போர்டை அளந்து பாருங்கள்

கடையில் பத்து அங்குலத் திரை மின்னுவதைப் பார்த்ததும் மனம் அதிலேயே நின்றுவிடும். கொஞ்சம் பொறுங்கள். எந்த செற் பொருந்தும் என்பதை உங்கள் கார்தான் சொல்லும்.

முதல் வேலை, ஒரு அடிமட்டத்தால் காரில் இருக்கும் பழைய ரேடியோ செற்றின் முகப்பை அளப்பது. அகலம் 18 சென்ரிமீற்றர், உயரம் 5 என்றால் சிங்கிள் டின் என்ற அளவு. உயரம் 10 என்றால் டபுள் டின். ரொயோட்டா, டைஹட்சு கார்கள் பலவற்றில் அகலம் 20 வரும். அதில் 18 சென்ரிமீற்றர் செற்றைப் பூட்டினால் இரு பக்கமும் இடைவெளி விழும்; அதை மூடும் பிளாஸ்டிக் துண்டையும் சேர்த்துக் கேளுங்கள். 9, 10 அங்குலத் திரைக்கு உங்கள் காரின் மொடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பிரேம், அதாவது திரையைச் சுற்றி வரும் சட்டம், வேண்டும். டாஷ்போர்டை வெட்டித்தான் பூட்டலாம் என்றால், வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

அடுத்தது வானொலி. யாழ்ப்பாணத்தில் ஓடும் விட்ஸ், வாகன் ஆர் போன்ற கார்களில் நிறைய ஜப்பானில் பாவித்து வந்தவை. அங்கே எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 95க்குள் முடிந்துவிடும். இங்கே 108 வரை போகும். காரோடு வந்த செற்றில் எங்கள் நிலையங்கள் பல பிடிக்காததற்குக் காரணம் இதுதான். பாவித்த ஜப்பான் செற்றை மலிவாகத் தந்தாலும் இதே கதைதான், மெனுவும் ஜப்பானிய மொழியில் இருக்கும். கடையிலேயே 100க்கு மேல் ஒரு நிலையத்தைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, இப்போது திரை. விரல் பட்டவுடன் நகர வேண்டும். அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால் அது பழைய ரெசிஸ்டிவ் வகை. வெயிலில் வைத்தும் பாருங்கள். பின்னேரம் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகும்போது மரநிழலே கிடையாது, மங்கலான திரையில் வரைபடம் தெரியாது.

போன் போலத் தானே செயலிகளை ஓட்டும் அன்ட்ரொயிட் செற் என்றால் ரம் (RAM, தற்காலிக நினைவகம்) 4 ஜிபியாவது இருக்கட்டும். போனை இணைத்து, போனின் செயலிகளைச் செற்றின் திரையில் காட்டும் அன்ட்ரொயிட் ஓட்டோ அல்லது கார்பிளேயில் பாவிக்கத்தான் விருப்பம் என்றால் ரம்முக்காக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை.

கடைசியாக வயர், நான் மிகவும் கவனிக்கச் சொல்வது இதைத்தான். காரின் சொந்தப் பிளக்கை வெட்ட விடாதீர்கள். அதற்குப் பொருந்தும் ஹார்னஸ், அதாவது பிளக்கோடு வரும் வயர்த் தொகுதி, கிடைக்கும். செற்றின் மஞ்சள் வயர் பற்றரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரத்துக்கு, சிவப்பு சாவி திருப்பினால் வருவதற்கு. இரண்டையும் ஒன்றாக முறுக்கி எப்போதும் வரும் மின்சாரத்தில் கொடுத்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் செற் மின்சாரத்தை இழுத்துப் பற்றரியை இறக்கிவிடும். பூட்டி முடிந்ததும் சாவியை எடுத்துத் திரை அணைகிறதா என்று பாருங்கள். ரிவேர்ஸ் கியர் போட்டால் கமரா வருகிறதா, ஸ்டியரிங் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்றும் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.